மடையை அடைத்த உப்புக்காரி

எங்கள் வீட்டுக்கு வந்த மருமகள்கள் இரண்டு பேர். மூத்தவள் நான், விஜயலட்சுமி. இளையவள் தனகோடி. மரக்காணம் பஜாரில் யாரைக் கேட்டாலும் என்னை வாயாடி என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும், எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. தனகோடி அப்படியில்லை. நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை பேசிவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு இப்போது திண்டிவனத்தில் இருந்து புதுச்சேரி வரைக்கும் கடை கடையாகத் தொங்குகிறது, உப்புப் பாக்கெட்டில். ஓரகத்தியைப் பற்றி ஓரகத்தி நல்லதாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் சொல்லப்போகிறேன். அவள் செய்த காரியம் அப்படி.

அவள் பிறந்தது உள்ளே, கடல் காற்றே எட்டாத ஊர். அப்பாவுக்கு மணிலாக் கொல்லை, வேர்க்கடலை போடுவார். என் கொழுந்தன் சிலம்பரசனைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில், உப்பளத்தைப் பார்க்கிறேன் என்று செருப்போடு பாத்தியில் இறங்கிவிட்டாள். பாத்தித் தரை என்பது காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்கியது. செருப்புப் பட்டால் சேறு கிளம்பும், உப்பு கறுத்துப்போகும். அளத்தில் இருந்த எல்லாரும் சேர்ந்து ஒரே கத்தாகக் கத்தினோம். பயந்துபோய், கட்டியிருந்த பட்டுப்புடவையோடு அங்கேயே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

ஆனால் கற்றுக்கொண்டாள். உப்பு வாருவதோடு நிற்கவில்லை. எங்கள் உப்பை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் வேறு யாரோ வேறு ஏதோ பெயரில் விற்கிறார்களே, ஏன் நாமே விற்கக் கூடாது என்று கேட்டாள். வீட்டில் எல்லாரும் அவளை ஏற இறங்கப் பார்த்தோம். அவள் பாட்டுக்கு ஒரு ஷெட் போட்டாள், லைசென்ஸ் வாங்கினாள், சட்டப்படி அயோடின் கலக்கிற மெஷின் வாங்கினாள். முதல் பாக்கெட்டை வாங்கியது கூனிமேட்டு ஜெயினம்பு. அவளுடைய வீட்டுக்காரர் நூர் முஹம்மது துபாயில் இருந்து திரும்பி வந்து மளிகைக் கடை வைத்திருந்தார். பாக்கெட்டுக்கு என்ன பெயர் வைப்பது என்று தனகோடி தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது ஜெயினம்புதான் சொன்னாளாம்.

“பேரு எதுக்கு புள்ள? உன் மூஞ்சியப் போடு. உன்னப் பாத்துத்தானே வாங்குறோம்.”

போட்டாள். அந்த முகம் எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் பழகிப்போயிற்று. சந்தையில் பார்த்தால் கிழவிகள் எல்லாம் வந்து கன்னத்தைக் கிள்ளுவார்கள். எனக்குப் பொறாமையாக இருந்ததா என்று கேட்டால், ஆமாம், இருந்தது.

அடுத்ததைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் அளத்து வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கிணற்றில் இருந்து ஏற்றுகிற உப்புத்தண்ணீர் ஒரு பொது வாய்க்காலில் ஓடும். அவரவர் தேவைக்கு அவரவர் மடையைத் திறந்து பாத்திக்கு விட்டுக்கொள்வோம். யாராவது ஒருத்தன் கவனமில்லாமல் மழைத்தண்ணீரையோ சேற்றையோ வாய்க்காலில் விட்டுவிட்டால் எல்லார் உப்பும் கெட்டுப்போகும். அளம் கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாகக் கிடக்கும். கத்தினால் காற்றோடு போய்விடும். அதனால் அழுக்கை முதலில் பார்த்தவர் வரப்பில் ஒரு கழியை நட்டுச் சிவப்புத் துண்டு கட்டிவிடுவார். துண்டைப் பார்த்ததும் எல்லாரும் மடையை அடைத்துவிட வேண்டும். ஏன், எதற்கு, யார் செய்தது என்பதெல்லாம் அப்புறம். எல்லாரும் அடைத்துவிட்டால் அழுக்குத் தண்ணீர் போக வழியில்லாமல், விட்டவன் பாத்தியிலேயே எதிர்த்துக்கொண்டு நிற்கும். அவனே ஓடிவந்து இறைத்துக் கொட்டுவான். யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை. நான் மட்டும் திட்டுவேன்.

சரி. ஊர்த்திரை என்று ஒரு ஆப் உண்டு. சென்னையில் யாரோ ஆரம்பித்தது. அந்தந்த மாவட்டத்து ஆட்களின் வீடியோக்களை அந்தந்த மாவட்டத்துக்கே காட்டும். எங்கள் பக்கம் வலைக் கடை, ஜவுளிக் கடை, கல்யாண மண்டபம், ஸ்கூல் என்று எல்லாரும் அதில்தான் விளம்பரம் கொடுப்பார்கள். அந்தக் காசில்தான் அது ஓடுகிறது. தனகோடியும் கொடுத்தாள். ஜெயினம்புவின் மகள் ஷஹானாதான் தன் போனில் எடுத்துக் கொடுத்தாள். புதுச்சேரியில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற பெண், கெட்டிக்காரி. உப்புக் குவியலுக்கு முன்னால் நின்றுகொண்டு தனகோடி பேசினாள்.

“நான் தனகோடி. மரக்காணத்துல இருந்து பேசுறேன். என் வீட்டுக் குழம்புல போடுற உப்பத்தான் உங்க வீட்டுக்கும் தர்றேன். நம்பி வாங்குங்க.”

அவ்வளவுதான். அதையே பத்துத் தடவை எடுத்தார்கள், இவள் சிரித்துச் சிரித்துக் கெடுத்ததால்.

போன வருஷம் ஆடி பிறக்கிற சமயம், ஆர்டர் திடீரென்று கொட்ட ஆரம்பித்தது. ஷெட்டில் பாக்கெட் போட ஆள் போதவில்லை. நான்கூடப் போய் உட்கார்ந்து சீல் வைத்தேன். சிலம்பரசன் புது டெம்போ பார்க்கப் போய்விட்டான். “உன் மூஞ்சிக்கு வந்த வாழ்வப் பாரு!” என்று நான் கிண்டல் செய்தேன். அவளும் சிரித்தாள். ஏன் விற்கிறது என்று எங்களில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. விற்கிறபோது யார் கேட்பார்கள்?

அப்போதுதான் ஷஹானாவிடம் இருந்து போன் வந்தது. ஜெயினம்புவைப் புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், மூச்சு வாங்குகிறது, முகமெல்லாம் வீங்கிவிட்டது என்றாள். அடித்துப் பிடித்துக்கொண்டு போனோம். வார்டுக்குள் விடவில்லை. நூர் முஹம்மது பாய் வராந்தாவில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார், எங்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஷஹானா தனகோடியின் கையைப் பிடித்துத் தள்ளி அழைத்துக்கொண்டு போனாள்.

“ஆன்ட்டி, அம்மா பி.பி. மாத்திரைய நிறுத்திட்டாங்க. டெய்லி காலையில வெறும் வயித்துல ஒரு டம்ளர் உப்புத் தண்ணி. அத்தா சண்ட போட்டுப் பாத்திருக்காரு. கேக்கலையாம்.”

“ஏம்மா? யாரு சொன்னா அப்படி?”

ஷஹானா போனைத் திறந்து காட்டினாள்.

ஊர்த்திரை. முதலில் தனகோடி வந்தாள். “என் வீட்டுக் குழம்புல போடுற உப்பத்தான் உங்க வீட்டுக்கும் தர்றேன். நம்பி வாங்குங்க.” அது முடிந்த கையோடு வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் வந்தான். தெம்பு ஐயா என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டவன். “இந்தக் கல்லுப்போட மகிமை என்னன்னு தெரியுமா உங்களுக்கு?” என்று ஆரம்பித்தான். காலையில் கல்லுப்புத் தண்ணீர் குடித்தால் பி.பி. ஓடிவிடும், கிட்னி சுத்தமாகிவிடும், மாத்திரை எல்லாம் கம்பெனிக்காரன் சதி, இன்றைக்கே தூக்கிப் போடுங்கள் என்றான். கேட்பதற்கு ஒருத்தர் நிறுத்திய இடத்தில் இருந்து இன்னொருத்தர் பேசுவது போலவே இருந்தது. எனக்கே ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது.

“அம்மாவுக்கு விளம்பரம் வேற, வீடியோ வேறன்னு தெரியல ஆன்ட்டி,” என்றாள் ஷஹானா. “அத்தா கேட்டப்ப என்ன சொன்னாங்க தெரியுமா? ‘தனகோடியே சொல்லிட்டா, அப்புறம் டாக்டர் என்ன டாக்டரு’ன்னாங்களாம்.”

தனகோடி அந்த வராந்தாவில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதல் நாள் பாத்தியில் உட்கார்ந்தாளே, அதே மாதிரி. இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆர்டர் ஏன் கொட்டியது என்பதும் அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. அத்தனை வீட்டிலும் அதைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றைக்கே தனகோடி ஊர்த்திரைக்குப் புகார் கொடுத்தாள். ஷஹானாதான் பக்கத்தில் இருந்து எழுதிக் கொடுத்தாள். மறுநாள் பதில் வந்தது. அந்த வீடியோ எங்கள் விதிமுறை எதையும் மீறவில்லை, உங்கள் அக்கறைக்கு நன்றி. நன்றியாம்! நான் அந்தப் போனைத் தூக்கி வாய்க்காலில் போடப் பார்த்தேன். தனகோடி பிடுங்கிக்கொண்டாள்.

அப்புறம் ஊர்த்திரை ஆபீசில் இருந்து விளம்பரம் பிடிக்கிற பெண் பேசினாள். பிரியதர்ஷினி என்று பெயர். பேச்சு மரியாதையாகத்தான் இருந்தது.

“மேடம், உங்க ஆட் அந்த வீடியோவோட சூப்பரா மேட்ச் ஆகுது. கம்ப்யூட்டரே சேத்து வைக்குது. உங்களுக்கு சேல்ஸும் ஏறியிருக்கே?”

“ஏறியிருக்குதும்மா,” என்றாள் தனகோடி. “அதுக்குத்தான் பயமா இருக்குது. என் விளம்பரத்த நிறுத்திடுங்க.”

பெட்டியில் காசு விழுகிற நேரத்தில் நிறுத்துகிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. சிலம்பரசன் சாப்பிடாமல் எழுந்து போனான். “ஏண்டி, உன் விளம்பரம் நின்னா அவன் வாய் நின்னுடுமா?” என்று நான் கேட்டேன். கேட்டது சரியாகவும் போயிற்று. மறுநாள் பார்த்தால் தெம்பு ஐயா அதே இடத்தில் உட்கார்ந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் இப்போது ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி ஓடியது.

நாலைந்து நாளில் ஜெயினம்புவை ஐ.சி.யு.வில் இருந்து சாதா வார்டுக்கு மாற்றினார்கள். தனகோடி போய்க் கட்டில் பக்கத்தில் நின்றாள். ஜெயினம்பு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, “வா புள்ள, சாப்டியா?” என்றாள். எந்த நிலைமையில் கேட்கிறாள் பாருங்கள்!

“அக்கா, நான் அப்படிச் சொல்லலக்கா. உப்புத் தண்ணி குடிக்கச் சொல்லி நான் சொல்லவே இல்ல.”

“உன் மூஞ்சிதானே வந்துச்சு?”

“வந்துச்சு. ஆனா சொன்னது வேற ஆளுக்கா.”

ஜெயினம்புவுக்கு மூச்சு இன்னும் சரியாக வரவில்லை.

“சரி. எனக்கு நீ நேர்ல வந்து சொல்லிட்ட. அல்லாஹ் காப்பாத்திட்டான். மத்தவங்களுக்கு யாரு போய்ச் சொல்லுவா? அவங்களும் உன்னப் பாத்துத்தானே குடிக்கிறாங்க?”

மறுநாள் விடிந்ததும் தனகோடி அளத்துக்குப் போனாள். வரப்பில் கழி நட்டாள், சிவப்புத் துண்டு கட்டினாள், போட்டோ எடுத்தாள், அளக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். அதற்குக் கீழே ஏதாவது எழுதினாளா? இல்லை. பேசவே காசு கேட்கிறவள், எழுதுவாளா?

என்ன நடந்திருக்கும்? எங்கள் ஆட்கள் எல்லாரும் நிஜமாகவே மடையை அடைத்துவிட்டார்கள்! அளம் பூராவும் தண்ணீர் நின்றுபோயிற்று. உப்பு வாருகிற கண்ணாயிரம் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க சைக்கிளில் வந்து குதித்தார்.

“எங்கம்மா அழுக்கு? யாரு வுட்டது? நாலு பாத்திய அடச்சுட்டு ஓடியாறேன்!”

தனகோடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததில் இருந்து அவள் சிரித்து நான் பார்க்கவே இல்லை. பின்னாலேயே மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள், ஆளாளுக்கு ஒரு கேள்வியோடு. அவர்களில் பாதிப் பேருக்கு ரோட்டு மேல் கடையும் உண்டு. வலைக் கடைக்காரர் இருந்தார், மண்டபத்துக்காரர் இருந்தார். அவள் போனைக் காட்டினாள்.

“அழுக்கு இதுலதான் இருக்குது. என் ஒரு மடைய அடச்சுப் பாத்தேன், நிக்கல. நாம கொடுக்குற விளம்பரந்தான் அதுக்குத் தண்ணி. எல்லாரும் ஒண்ணா அடச்சாத்தான் அவங்க ஓடியாருவாங்க.”

“இதுக்கா காலங்காத்தால என் பொழப்பக் கெடுத்த?” என்று கண்ணாயிரம் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் எல்லாரும் வீடியோவைப் பார்த்தார்கள். ஜெயினம்புவை அவர்கள் எல்லாருக்கும் தெரியும். கேட்காமலே மடையை அடைத்தவர்களுக்கு, காரணம் கேட்ட பிறகு விளம்பரத்தை நிறுத்துவதா பெரிய விஷயம்? அங்கேயே வரப்பில் நின்றபடி போனை எடுத்துப் பேசினார்கள். அவர்கள் மூலமாக அனுமந்தை, கூனிமேடு, குயிலாப்பாளையத்து லாட்ஜ்காரர்கள் வரைக்கும் சேதி போயிற்று. நானும் தனகோடியும் ஸ்கூட்டியில் ஏறிக் கடை கடையாகப் போனோம். அவள் வண்டி ஓட்டினாள், வாய் நான். என் வாய்க்கு அன்றைக்குத்தான் சரியான வேலை கிடைத்தது.

ஊர்த்திரையிடம் நாங்கள் கேட்டது இரண்டே விஷயம். அந்த வீடியோவை ஆப்பில் இருந்து எடுத்துவிட வேண்டும். அதைப் பார்த்த அத்தனை பேருக்கும், அது தப்பு என்று தனகோடி பேசுகிற வீடியோவைக் காட்ட வேண்டும். இரண்டாவதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். வீடியோவை மட்டும் எடுத்துவிட்டால், குடிக்கிறவர்கள் குடித்துக்கொண்டேதான் இருப்பார்கள் என்றாள்.

கொஞ்ச நாளில் ஊர்த்திரையைத் திறந்தால் வேடிக்கையாக இருந்தது. ஆடி மாசம், கடைத்தெரு முழுக்கத் தள்ளுபடி. ஆனால் அந்த ஆப்பில் ஒரு கடை விளம்பரமும் கிடையாது. ஒவ்வொரு வீடியோவுக்கு முன்னாலும் “இங்கே விளம்பரம் செய்யுங்கள்” என்று அவர்களுடைய போன் நம்பரே திரும்பத் திரும்ப வந்தது. நான் அதைப் பார்ப்பதற்காகவே திறந்து திறந்து பார்த்தேன்.

பிரியதர்ஷினி மறுபடி கூப்பிட்டாள். வீடியோவை எடுத்துவிட்டார்களாம். எல்லாரும் திரும்பி வரலாமாம், தனகோடிக்கு மூன்று மாசம் விளம்பரம் இலவசமாம்.

“ரெண்டாவது என்னாச்சும்மா?”

“அது எங்க பாலிசியில இல்ல மேடம். இதுவரைக்கும் யாருக்கும் செஞ்சது கிடையாது.”

“அப்ப நாங்களும் இதுவரைக்கும் யாருக்கும் இப்படிச் செஞ்சது கிடையாது,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நான் எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டேன். என் ஓரகத்திக்கு இப்படி ஒரு பேச்சு எங்கே இருந்து வந்தது?

ஆனால் வீடியோ போய்விட்டது என்றதும் ஆட்கள் தளர ஆரம்பித்தார்கள். முக்கியமாக ஜவுளிக்கடை சரவணகுமார். எங்கள் பக்கம் பெரிய கடை அவனுடையதுதான். அவன் திரும்பிப் போனால் மற்ற கடைகளும் வரிசையாகப் பின்னால் போய்விடும், அதோடு தனகோடியின் இரண்டாவது கோரிக்கையும் போய்விடும். அவன் போகப்போகிறான் என்று கேள்விப்பட்டதும் ஓடினோம். கடையில் நல்ல கூட்டம். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

“அக்கா, அதான் எடுத்துட்டாங்களே. ஆடி போனா எனக்கு அடுத்து தீபாவளிதான். உங்க கோவத்துக்கு நான் கடைய மூட முடியுமா?”

“கோவம் இல்ல தம்பி. இன்னும் குடிச்சிட்டு இருக்காங்க.”

“யாருக்கா இன்னும் குடிக்கிறா? அதெல்லாம் மறந்துருப்பாங்க.”

நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் உள்ளே இருந்து அவன் அம்மா அமுதவல்லி மெதுவாக நடந்து வந்தாள். தனகோடியைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“அட, தனகோடியா! நல்ல நேரத்துல வந்தம்மா. உன் உப்புத் தண்ணி குமட்டிக்கிட்டு வருது. அதுல கொஞ்சம் எலுமிச்சம்பழம் புழிஞ்சுக்கலாமா?”

சரவணகுமார் கல்லாவை விட்டு எழுந்தான்.

“அம்மா, நீ எப்ப இருந்து குடிக்கிற?”

“இருபது நாளா. காலு கொஞ்சம் வீங்குது, மத்தபடி ஒண்ணுமில்ல.”

தனகோடி அவள் கையைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். ஜெயினம்புவைச் சொன்னாள், துண்டு கட்டியதைச் சொன்னாள். அமுதவல்லி ஒரு காலத்தில் அளத்தில் உப்பு வாரியவள். கடை எல்லாம் பிறகு வந்ததுதான். துண்டு என்றதும் மகன் பக்கம் திரும்பினாள்.

“துண்டு கட்டியிருக்கா இவ. நீ அடச்சியாடா?”

“அடச்சேம்மா. ஆனா…”

“என்னடா ஆனா? அழுக்கு போவறதுக்குள்ள தொறப்பியா? உங்கப்பா இருந்தா உன்னத் தொலச்சிருப்பாரு!”

சரவணகுமார் அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு நேராக டாக்டரிடம் போனான். அங்கே இருந்தபடியே ஊர்த்திரைக்குப் போன் போட்டு, அவன் கத்திய கத்து ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டதாம். வேறு கடைக்காரர்களுக்கும் அவனே பேசினான். உங்கள் வீட்டில் முதலில் கேட்டுப் பாருங்கள் என்றானாம். கேட்டார்கள். நிறைய வீட்டில் டம்ளர் இருந்தது.

அதற்கு அப்புறம் ஒருத்தரும் அசையவில்லை. ஆடி முடிவதற்குள் ஊர்த்திரையின் பெரிய ஆள் ஒருவரே கூப்பிட்டார். பாலிசியை மாற்றிவிட்டார்களாம். மருந்தை நிறுத்தச் சொல்கிற வீடியோ இனிமேல் வராதாம். நீங்கள் பேசி அனுப்புங்கள், அதைப் பார்த்த எல்லாருக்கும் காட்டுகிறோம் என்றார். தனகோடி சரிங்க சார் என்றாள். அவ்வளவுதான், ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை. எனக்குத்தான் கைகால் பரபரத்தது. தெருவில் நின்று கத்த வேண்டும் போல இருந்தது, கொஞ்சம் கத்தவும் செய்தேன்.

ஷஹானாதான் இதையும் எடுத்தாள், அதே உப்புக் குவியலுக்கு முன்னால். இந்தத் தடவை பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு ஜெயினம்புவையும் உட்கார வைத்தார்கள். தனகோடி ஒரு தடவையும் சிரிக்கவில்லை.

“நான் தனகோடி. உப்பு விக்கிறவ. உப்புத் தண்ணி குடிச்சா பி.பி. இறங்காது, ஏறும். நான் குடிக்கச் சொன்னேன்னு நெனச்சு இந்த அக்கா குடிச்சாங்க, சாவக் கெடந்து பொழச்சாங்க. நான் அப்படிச் சொல்லவே இல்ல. மாத்திரைய நிறுத்தியிருந்தீங்கன்னா இன்னிக்கே போய் டாக்டரப் பாருங்க. குழம்புல உப்பக் கொறச்சுப் போடுங்க. எந்த உப்பா இருந்தாலும் சரி. என் உப்பா இருந்தாலும் சரி.”

ஒரே தடவையில் முடிந்தது. சிலம்பரசன் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, “உப்பு விக்கிறவளே கொறச்சுப் போடுன்னு சொல்றா. வெளங்கிடும் வியாபாரம்,” என்றான். சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டான், நான் பார்த்தேன். வியாபாரம் குறையத்தான் செய்தது. புது டெம்போ வரவில்லை. பழைய டெம்போவே இன்னும் இருமிக்கொண்டு ஓடுகிறது.

போன மாசம் புதுச்சேரிக்குப் போய்விட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். அனுமந்தையில் இரண்டு மீன்காரப் பெண்கள் கூடையோடு ஏறி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். நான் அவர்களை முன்னப்பின்னே பார்த்ததில்லை. ஒருத்தி, மாத்திரை சாப்பிட்டால் தலை சுற்றுகிறது, விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன் என்றாள். மற்றவள் அவள் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“ஏய், மாத்திரைய வுடக் கூடாதுடி. டாக்டரப் போய்ப் பாரு, வேற மாத்தித் தருவாங்க. தனகோடியே சொல்லிட்டா.”

முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அந்தப் பெண்ணின் தோளைத் தட்டினேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

“அவ என் ஓரகத்திம்மா,” என்றேன்.